செவ்வேலு அண்ணாச்சிக்குக் குரல் கொடுத்தவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு நான் என்னென்ன உண்டாக்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வடகரப்பதியில் கடலைக்காட்டு மேட்டில் பிறந்தவன், சினிமாக் கொட்டகையின் வாசனையே தெரியாத இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் சினிமாவைக் கொண்டுபோனேன். மல் துணியை மூட்டித் தைத்துத் திரை உண்டாக்கினேன். அது காற்றில் ஆடாமல் இருக்க அடியில் மணல் பைகளைக் கோத்தேன். அந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் ஜன்னல்களைச் சாக்கால் அடைத்துப் பட்டப்பகலில் இருட்டை உண்டாக்கினேன். காய்ந்த ஏலக்காயைச் சல்லடையில் போட்டுக் குலுக்கி மழை உண்டாக்கினேன். தகரத்தை முழங்காலில் வைத்து மடக்கி இடி உண்டாக்கினேன். ஆண், பெண், பச்சைக்குழந்தை, பல் போன கிழவி, பட்டாளத்துக்காரன், குதிரை என்று எல்லாருக்கும் இந்த ஒரே தொண்டையால் பேசினேன்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு மனிதனை உண்டாக்கினேன். அவர் ஒரு ரஷ்ய நடிகர். கதாநாயகன் அல்ல. கதாநாயகனுக்கு அப்பா, படகுக்காரர், பட்டறை மேஸ்திரி, வழி சொல்லும் கிழவர் என்று படத்தில் மூன்றாவது நான்காவது ஆளாக வருகிறவர். அகலமான முகம், தொங்கு மீசை, தலையில் எப்போதும் ஒரு தொப்பி. இந்த வேலைக்கு என்னைக் கூட்டிவந்த மாஷ் எழுத்துக்கூட்டிப் படித்ததில் அவருடைய முதல் பெயர் ஸவேலி. மைக்கில் அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. செவ்வேலு என்று வைத்தேன். தோட்டத்துக்காரர்கள் அதோடு அண்ணாச்சியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சிறியது. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மாட்டு யாவாரிகளுக்குக் கூவியிருக்கிறேன். டூரிங் கொட்டகைக்காக மாட்டு வண்டியில் உட்கார்ந்து நோட்டீசு வீசிக்கொண்டே தகரக் குழாயில் கத்தியிருக்கிறேன். குழாய் நசுங்கிப்போன ஒரு சந்தை நாளில் வெறும் வாயால் கத்தினேன். சந்தையின் மறுகோடியில் காய் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் பையோடு நடந்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவர்தான் மாஷ். பாலக்காட்டில் பள்ளிக்கூட வாத்தியார். அங்கே வாத்தியாரை மாஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல சினிமா பார்க்கிற நண்பர்கள் குழு ஒன்றுக்கு அவர் செயலாளர். எழுபதுகளில் கேரளத்தில் அப்படிக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருந்தன.

குழுவிடம் ஒரு சின்ன புரொஜெக்டர் இருந்தது. இனாமாக வந்தது. இனாமாக வந்ததற்குக் காரணமும் இருந்தது. படம் ஓடும், சத்தம் வராது. சத்தம் எடுக்கிற பாகம் கெட்டுப்போயிருந்தது, அந்தப் பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. ரஷ்யப் படச் சுருள்கள் குழுவுக்குச் சுலபமாகக் கிடைத்தன. மாஷின் மச்சினர் சக்குபள்ளம் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர். அங்கே வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தமிழர்கள். படம் இருந்தது, பார்க்க ஆள் இருந்தது, வாய் மட்டும்தான் இல்லை. அந்த வாய் நான்.

இப்போதுள்ளவர்களுக்கு அந்த வேலையின் முறை தெரியாது. மாஷின் வீட்டு முன்னறையில் வெள்ளையடித்த சுவரில் படத்தை ஓட்டுவோம். முதல் தடவை நான் வாயைத் திறக்கக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். இரண்டாம் தடவை மாஷ் படத்தோடு வந்த சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகக் கதை சொல்வார். மூன்றாம் தடவை நான் பேச வேண்டும். எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. திரையில் தெரிவதையே அடையாளமாக வைத்துக்கொள்வேன். கதவு திறந்தால் அம்மா, குதிரை தலையை ஆட்டினால் தளபதி, அடுப்பில் புகை வந்தால் அழுகை. ஒரு தடவை மனதில் ஏறிவிட்டால் அடுத்த வருஷம் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாஷ் திட்டவே மாட்டார். படம் ஓடும்போது எனக்குப் பின்னால், சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய டார்ச்சோடு உட்கார்ந்திருப்பார். என் கைக்கு முன்னால் ஒரு தடவை வெளிச்சம் விழுந்தால் நிதானமாகப் பேசு என்று அர்த்தம். இரண்டு தடவை விழுந்தால் படத்தில் இல்லாததைப் பேசுகிறாய். வெளிச்சம் அணையாமல் நின்றால் வாயை மூடு. படம் முடியும்வரை அவர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சந்தோஷமாக இருந்தால் என்னை "ரங்கா" என்பார். கோபம் வந்தால் "ரங்கசாமி, நிங்கள்" என்று மரியாதை கொடுப்பார். அந்த மரியாதை கிடைத்தால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

முதல் படத்தில் செவ்வேலு படகுக்காரர். குண்டடிபட்டவர்களை ஆற்றைக் கடத்திவிட்டுத் தான் மட்டும் வெள்ளத்தோடு போய்விடுவார். ஸ்டோரில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து இரண்டாவது படத்தோடு போனோம். படம் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு ரயில் பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அதே முகம், அதே மீசையோடு உள்ளே வந்தது. வேறு படம், வேறு வேஷம், வேறு பெயர். அதையெல்லாம் நான் சொல்லுவதற்குள் ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள்.

"ஏ, அண்ணாச்சி பொழைச்சுக்கிட்டாவ."

அவ்வளவுதான், ஸ்டோரே எழுந்துவிட்டது. ஒருவர் வெளியே ஓடிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். என் கைக்கு முன்னால் டார்ச் இரண்டு தடவை மின்னியது. நான் என்ன செய்வேன்? செத்துப்போன மனுசன் திரும்பி வந்துவிட்டார் என்று சந்தோஷப்படுகிற ஜனங்களிடம், அவர் வேறு இவர் வேறு என்றா சொல்வது? "வெள்ளத்தோடு போன செவ்வேலு ஏழு ஊர் தாண்டிக் கரையேறினார், பிழைப்புக்காக ரயில் பட்டறையில் மேஸ்திரியாகச் சேர்ந்தார்" என்று போட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு ஒரே வாழ்க்கை. ரஷ்யாவில் அவர் எத்தனை படத்தில் எத்தனை பேராக நடித்தாரோ, சக்குபள்ளத்தில் அவர் ஒரே ஆள். மூன்றாவது படத்தில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்தார். பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று சொன்னேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இருக்கிற காலத்தை நிரப்பியது நான். அவருக்குக் கனத்த, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல் கொடுத்திருந்தேன். லயத்து வரிசைவீடுகளில் ஆண்கள் அந்தக் குரலில் பேசிப் பார்ப்பார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லக் கஷ்டமான எதையாவது சொல்வதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் சுற்றித் துடைப்பார். எல்லாப் படத்திலும் செய்வார். அதைச் செய்ததும் ஸ்டோர் அமைதியாகிவிடும்.

எழுந்து நின்றாள் என்றேனே, அந்தப் பெண்பிள்ளை பேச்சியம்மாள். பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. காய் எடுக்கும் வேகத்திலும் வாய் வீச்சிலும் அவளை யாரும் ஜெயித்தது இல்லை. ஆனால் அந்த இரண்டு படத்தின்போதும் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். காரணத்தை ரைட்டர் பிறகு சொன்னார். தோட்டத்தில் சங்கம் வைக்க ரகசியமாகக் கூடியவர்களின் பெயர்களை யாரோ மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். சில குடும்பங்களை லயத்தைவிட்டு இறக்கிவிட்டார்கள். சொன்னது பேச்சியம்மாளின் புருஷன் அய்யாத்துரை என்று ஊருக்குச் சந்தேகம். நிரூபணம் இல்லை, அதனால் அடிக்கவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குத் தீக்குச்சிகூட யாரும் கொடுப்பதில்லை.

அந்த ரயில் பட்டறைப் படத்தின் கதை என்ன தெரியுமா? மேஸ்திரி செவ்வேலுதான் காட்டிக்கொடுத்தவர் என்று பட்டறை முழுக்க அவரை ஒதுக்கிவைக்கும். கடைசியில் அது பொய்ப்பழி என்று தெரியவரும். எல்லாரும் தலைகுனிந்து வந்து நிற்பார்கள். அவர் தன் சோற்றுப் பாத்திரத்தை அவர்கள் பக்கம் நகர்த்தி வைப்பார். நான் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோன படம் அல்ல, வந்த சுருள் அது. படம் முடிந்ததும் வெள்ளத்தாயி என்ற கிழவி எழுந்தாள். இறக்கிவிடப்பட்டவர்களில் அவளுடைய மூத்த மகனும் ஒருவன். அவள் இளையவனோடு லயத்திலேயே தங்கியிருந்தாள். அவள் நேராக அய்யாத்துரையிடம் போய், ராத்திரிக்கு வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டாள். அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு போனது. அதற்குப் பிறகு பேச்சியம்மாள் முன்வரிசைக்கு நிரந்தரமாக வந்துவிட்டாள்.

ஒரு வீட்டை ஊரோடு ஒட்டவைத்தது என் குரல் என்று நான் பாலக்காடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மாஷ் சிரிப்பார். "ரங்கா, அது அயாள்டெ முகம்" என்பார். அது அவருடைய முகம் என்கிறார். முகம் எல்லா ஊரிலும்தான் ஓடியது, ஒட்டவைத்தது இங்கே மட்டும்தானே என்பேன்.

நான்காவது படத்தின் சுருள் வந்தது. சுவரில் முதல் தடவை ஓடியபோதே இது சக்குபள்ளத்துக்கு ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் செவ்வேலு ஊரைக் காட்டிக்கொடுக்கிறவர். எதிரிப் படைக்கு, ஊர் வாலிபர்கள் காட்டில் ஒளிந்திருக்கும் இடத்துக்கு வழி சொல்லிவிடுவார். அத்தனை பேரும் செத்துப்போவார்கள். அவர்தான் செய்தார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவரும் அந்த ஊரிலேயே இருப்பார்.

ஓட்டி முடித்ததும் மாஷின் முகத்தில் ஒரு வெளிச்சம். இதுதான் அந்த நடிகர் ஆயுசிலேயே செய்ததில் மிகவும் நல்லது, உலகமெல்லாம் புகழ்ந்தது என்று புத்தகத்திலிருந்து படித்தார். நான் அந்தப் படத்தைச் சக்குபள்ளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றேன். உடும்பஞ்சோலைப் பக்கம் போடலாம், அங்கே அவரை அவ்வளவாகத் தெரியாது. மாஷ் கேட்கவில்லை. அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது என்றேன். நம் சினிமாவில் ஒரே நடிகர் அண்ணன் தம்பியாக வருவது ஜனங்களுக்குப் பழக்கம்தானே? இது செவ்வேலுவின் தம்பி என்று சொல்லிவிட்டு வேறு குரலில் பேசிவிடுகிறேன்.

மாஷ் சுருளைப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ரங்கா, ஒரு நடிகன் நல்லவனா வந்து நிக்கிறது வலிய காரியமில்லா. இதைச் செய்யறான் பாரு, இதுதான் அவன். நீ தம்பின்னு பறஞ்சா அந்த மனுஷன்டெ கையை வெட்டற மாதிரி."

"ஏனுங் மாஷ், உங்களுக்கு அவர் நடிகருங்க. அங்க இருக்கறவிங்களுக்கு ஒறம்பரைங்க."

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர். மாஷுக்கு அது தெரியும். "ரங்கசாமி, நிங்கள் படத்தில் உள்ளதைச் சொன்னால் மதி" என்றார். உள்ளதைச் சொன்னால் போதும். மரியாதை வந்துவிட்டது, அதற்கு மேல் நான் பேசவில்லை. மனதுக்குள் மட்டும், அங்கே மைக் என் கையில்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொள்ளாச்சி, பழனி, தேனி வழியாகக் கம்பம் போய், அங்கிருந்து தோட்டத்து ஜீப்பில் மலை ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டோரில் திரை கட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மாள் வந்தாள். காபித்தண்ணி கொண்டுவந்திருந்தாள்.

"சினிமாக்காரரே, இந்த மட்டம் அண்ணாச்சி என்ன வேல பாக்காவ?"

பார்த்தால் தெரியும் என்றேன்.

"ஒங்க மூஞ்சி செத்துப் போயிருக்கே. திரும்பவும் தண்ணியில முக்கிப்போட்டியளோ?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அய்யாத்துரை ஜன்னலில் சாக்கு அடித்துக்கொண்டிருந்தான். மெலிந்த ஆள், வாயைத் திறக்க மாட்டான். நான் ஆணி நீட்டினால் வாங்கிக்கொள்வான், அவ்வளவுதான். அவனுக்குப் பக்கத்தில் வெள்ளத்தாயிக் கிழவி உட்கார்ந்து அவனுடைய மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் நான் மைக்கைக் கையில் எடுத்தேன் என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

படம் ஓடத் தொடங்கியது. திரையில் அந்த முகம் வந்ததும் விசில் பறந்தது. நான் கையை உயர்த்தி, "நன்றாகப் பாருங்கள், இது செவ்வேலு இல்லை. அவருடன் பிறந்த தம்பி சின்னவேலு. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை" என்றேன். "டபுள் ஆக்டு டோய்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். தம்பிக்கு மூக்கால் பேசுகிற மெல்லிய குரல் ஒன்றைக் கொடுத்தேன். முதல் சொல்லிலேயே சிரித்துவிட்டார்கள். டார்ச் இரண்டு தடவை மின்னியது. நான் திரும்பவில்லை. அன்றைக்கு நான் பேசிய மாதிரி என் ஆயுளில் பேசியதில்லை. அண்ணன் வளர்த்த பிள்ளைகளின் பெயரைக்கூடச் சேர்த்துப் பேசி, தம்பியைத் தனியாளாகப் பிரித்து நிறுத்திவிட்டேன். இரண்டு ரீல் வரை ஸ்டோர் முழுக்க என் கையில்.

மூன்றாவது ரீலில் எதிரி அதிகாரியின் வீட்டு முற்றம். செவ்வேலு வந்து நிற்கிறார். அதிகாரி கேட்கிறான். அவர் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் சுற்றித் துடைத்தார்.

இதை நான் எப்படி மறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. குதிரை தலையாட்டுவதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தவன்.

"ஏலே, அது தம்பி இல்லலே. தொப்பியத் தொடைக்காவ பாரு. அண்ணாச்சியேதான்."

யார் சொன்னது என்று தெரியவில்லை. அண்ணனைப் பார்த்துத் தம்பிக்கும் வந்த பழக்கம் என்று அவசரமாகச் சொன்னேன். நாலைந்து பேர், ஆமாம் இருக்கும் என்றார்கள். நாலைந்து பேர் இல்லை என்றார்கள். சிவப்பு வெளிச்சம் என் கைமேல் விழுந்து அணையாமல் நின்றது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். மாஷ் எழுந்து வந்தார். ஆம்பிளிபயரிலிருந்து மைக் வயரைப் பிடுங்கினார். சத்தம் அறுந்தது. புரொஜெக்டர் கடகடக்கிற ஓசை மட்டும் இருந்தது.

அந்த நேரத்தில் திரையில் வந்த காட்சியைச் சொல்கிறேன். வாலிபர்களை இழந்த ஊரில் ஒரு கிழவி. அவளுடைய மகன் போனது செவ்வேலுவால்தான், அவளுக்குத் தெரியாது. தனியாக இருக்கிற மனுசனாயிற்றே என்று ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. சொன்னால் காரணம் கேட்பாள். வாங்கிக்கொள்கிறார். அவள் முன்னாலேயே தின்கிறார். மெல்லுகிற அந்த முகம் திரை முழுக்க நின்றது. வெகுநேரம் நின்றது. அண்ணனா தம்பியா என்று கேட்க அதற்கு மேல் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

அய்யாத்துரை எழுந்தான். எல்லாரும் அவன் வெளியே போகிறான் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவன் வெள்ளத்தாயியின் பக்கம் திரும்பினான். திரை வெளிச்சம் அவன் முதுகில் அடித்தது.

"ஆத்தா, நாந்தான் சொன்னேன். புள்ளைக்குச் சன்னி வந்து கெடந்தப்ப மேனேஜரு கம்பத்துக்கு ஜீப்பு குடுத்தாரு. ஜீப்புல வச்சுத்தான் கேட்டாரு. பேரச் சொல்லிட்டேன்."

மாஷ் புரொஜெக்டரை நிறுத்தினார். சாக்கு இடுக்கு வழியாக வந்த வெயிலில் அத்தனை முகமும் தெரிந்தது. பேச்சியம்மாளுக்கு அதுவரை தெரியாது என்பது அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் எனக்கு விளங்கியது. அவன் சொல்லவில்லை என்று ஊரோடு சண்டை போட்டவள் அவள்.

அடி விழும் என்று நான் நினைத்தேன். விழவில்லை. வெள்ளத்தாயி தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மகளின் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"சொன்னதக்கூட விடு. புள்ளைக்காகச் சொன்ன. எங்கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தியேய்யா இத்தன நாளும்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதைவிடப் பத்து அடி அடித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் அவர்கள் லயத்தைவிட்டு இறங்கினார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் இரு என்றும் சொல்லவில்லை. நாங்கள் போகிற ஜீப்பிலேயே கம்பம்வரை ஏற்றிக்கொண்டோம். புரொஜெக்டர் பெட்டிக்கும் அவர்களுடைய பாத்திர மூட்டைக்கும் நடுவில் பிள்ளை தூங்கியது. மாஷ் முன்னால் உட்கார்ந்து, அந்த முகத்தைப் பற்றி ரைட்டரிடம் மெதுவான குரலில் பேசிக்கொண்டே வந்தார். தான் கண்ணால் கண்டதை அவரால் நம்ப முடியவில்லை. ஒரு நடிகனின் முகம் ஒரு தொழிலாளியின் வாயைத் திறந்துவிட்டது என்றார். பின்னால் அந்தத் தொழிலாளி உட்கார்ந்திருப்பது அவருக்கு ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொள்ளும்போது பேச்சியம்மாள் என்னிடம் சொன்னாள்.

"நீங்க தம்பின்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்கலாம்லா."

மாஷ் வயரைப் பிடுங்கிவிட்டாரே என்றேன்.

"வயரு போனா என்ன? வாயி இருந்துச்சுல்லா."

அவள் கேட்டது நியாயம்தான். சந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வெறும் தொண்டையால் கூவியவன் நான். அந்தத் தொண்டைக்காகத்தான் மாஷ் என்னைக் கூட்டிவந்தார். அந்த ஸ்டோர் எம்மாத்திரம்? கொஞ்சம் உரக்கப் பேசியிருந்தால் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். நான் ஏன் பேசவில்லை என்றால், நானும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஜனங்கள் நடுவில் பேசாமல் பார்த்தேன். இதை நான் தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் அய்யாத்துரை அந்தச் சோற்றை ஆயுள் முழுக்க விழுங்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அது நல்லதா, பேச்சியம்மாள் மூட்டை தூக்கிக்கொண்டு இறங்கியது நல்லதா என்று என்னைவிடப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு மனதில் நிற்பது அவள் கொண்டுவந்த காபித்தண்ணிதான். படம் தொடங்கும் அவசரத்தில் அதை நான் குடிக்கவேயில்லை.

அடுத்த வருஷம் நாங்கள் சக்குபள்ளத்துக்குப் போகவில்லை. ஜனங்களுக்கு விருப்பம் இல்லை என்று ரைட்டர் சொல்லியனுப்பினார். அதற்கடுத்த வருஷம் புரொஜெக்டருக்குப் பாகம் கிடைத்துவிட்டது, சத்தம் வந்துவிட்டது, எனக்கு வேலை போய்விட்டது. ஊருக்கு வந்து கடலையும் சோளமும் போட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றினேன். கிணறு வெட்டினேன், கல்வீடு கட்டினேன். அதையெல்லாம் எழுத இது இடமில்லை.

போன மாதம் பாலக்காட்டுக் குழுக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அந்த நடிகரின் படங்களை வரிசையாகப் போடுகிறார்களாம். மாஷ் இல்லை, காலமாகிப் பல வருஷமாகிறது. வண்டி வைத்துக் கூட்டிப்போய் முன்னால் உட்காரவைத்தார்கள். அந்த நாலாவது படம் ஓடியது. சத்தத்தோடு, அடியில் எழுத்தோடு. எனக்கு அந்த எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன். செவ்வேலுவின் சொந்தக் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. கனத்த குரல் இல்லை. மெல்லிசான, கொஞ்சம் மூக்கால் வருகிற குரல். தம்பிக்கென்று நான் கொடுத்தேனே, ஏறக்குறைய அது. பக்கத்தில் இருந்தவர் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

அங்கே ஒரு விழா மலர் கொடுத்தார்கள். பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சக்குபள்ளத்து மத்தியானத்தைப் பற்றி மாஷ் எப்போதோ எழுதிய கட்டுரையை அதில் போட்டிருக்கிறார்கள். அந்த நடிகரின் முகம் பாஷை தாண்டி ஒரு ஏழைத் தொழிலாளியின் மனச்சாட்சியைத் தொட்டது என்று இருக்கிறது. அது வாஸ்தவம், நான் மறுக்கவில்லை. என்னைப் பற்றி, "விளக்கம் சொல்ல ஒருவர் இருந்தார்" என்று இருக்கிறது. அய்யாத்துரை சொன்னதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. கம்பம் பஸ் ஸ்டாண்டு அதில் இல்லை.

மலரை அச்சடித்தவர்களுக்கு நான் சொல்வது இது. அந்த 'ஒருவர்' வடகரப்பதி ரங்கசாமி. அந்த முகத்தைப் பார்த்து ரஷ்யாவில் எத்தனையோ பேர் அழுதிருக்கலாம், எழுந்து நின்று உண்மையைச் சொன்னவன் சக்குபள்ளத்தில் இருந்தான். ஏனென்றால் அங்கே மட்டும்தான் அது அவர்கள் வீட்டு ஆளின் முகம். ஆற்றோடு போனவரைக் கரையேற்றி, வேலையில் சேர்த்து, பிள்ளைகளைக் கொடுத்து, வருஷத்துக்கு வருஷம் அவரை அந்த லயத்துக்கு உறவாக்கியவன் நான். அடுத்த தடவை அச்சடிக்கும்போது செவ்வேலுவின் பெயருக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள். பேச்சியம்மாள் குடும்பம் மலையைவிட்டு இறங்கியதையும் எழுதுங்கள். அதிலும் எனக்குப் பங்கு உண்டு. அதை மாஷுக்கும் அந்த முகத்துக்கும் மட்டும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.